கேடி – ரெண்டு எழுத்துக்குள்ள ஒரு சட்ட வரலாறு

"அவன் சரியான கேடிடா!"

இந்த வசனத்தைச் சொல்லாத, கேக்காத தமிழர் யாராவது இருக்கீங்களா? சினிமாவுல வில்லனைச் சொல்வாங்க, ஹாஸ்டல்ல ரூம்மேட்டைச் சொல்வோம், அம்மா கோபத்துல நம்மளையே சொல்வாங்க. 'கேடு'ங்கற தமிழ்ச் சொல்லுல இருந்து வந்த மாதிரிதான் தெரியும். ஆனா அது பொறந்த இடம் போலீஸ் ஸ்டேஷன். பழைய மெட்ராஸ் போலீஸ் ரிஜிஸ்டர்ல 'நோன் டெப்ரடேட்டர்'னு ஒரு பட்டியல் உண்டு. 'நோன்' இங்கிலீஷ்ல கே எழுத்துல ஆரம்பிக்கும்ல? அதனால சுருக்கமா கே.டி. அர்த்தம், 'தெரிந்த கொள்ளைக்காரன்'.

அந்த 'தெரிந்த'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் கவனிங்க. 'நிரூபிக்கப்பட்ட' இல்ல. 'தண்டிக்கப்பட்ட' இல்ல. 'தெரிந்த'. யாருக்குத் தெரிஞ்ச? எப்படித் தெரிஞ்ச? இந்தப் பதிவு முழுக்க இந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான்.

நான் சட்டம் படிச்சவன் இல்லீங்க. தளியில இருந்து போய் பொட்டி தட்டிப் பொழைக்கிற ஆசாமி. ஆனா எங்க ஏரியா வரலாறைப் படிக்க ஆரம்பிச்சா உப்பு, மாடு, ரயில்னு போய் கடைசியில ஒரு போலீஸ் ரிஜிஸ்டர்ல கொண்டு போய் நிறுத்துது. அதைத்தான் பகிர்ந்துக்கறேன்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். ஒருத்தரைக் குற்றவாளின்னு ஒரு அரசாங்கம் எப்படி முடிவு பண்ணுது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, 'நீ என்ன செஞ்சே?'ன்னு கேக்கறது. இன்னொண்ணு, 'நீ யாரு?'ன்னு கேக்கறது.

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் முதல் வகை. மெக்காலே தலைமையில 1830-கள்லயே வரைவு எழுதி, 1862 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஒருத்தன் திருடினான்னா, அந்தப் பொருள் அவனுது இல்ல, அனுமதி இல்லாம எடுத்தான், நேர்மையில்லாத எண்ணத்தோட எடுத்தான்னு எல்லாத்தையும் நிரூபிக்கணும். அவன் அப்பா யாரு, பாட்டன் யாருங்கற கேள்விக்கே அங்க இடம் கிடையாது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான், ஆனா இந்த ஒரு விஷயத்துல நல்ல சட்டம்.

பதினோரு வருஷம் கழிச்சு அதே அரசாங்கம் ரெண்டாவது வகைச் சட்டத்தையும் போட்டுது. அதுதான் 1871-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டம். ஒரே வீட்டுல ரெண்டு அளவுகோல்!

இதுக்கு ஒரு முன்கதை உண்டு. 1836-ல் 'தக்கி'ங்கற வழிப்பறிக் கும்பலை ஒடுக்க ஒரு சட்டம் வந்துச்சு. ஸ்லீமன்னு ஒரு அதிகாரி அதுல ஹீரோ. அந்தச் சட்டப்படி ஒருத்தன் கொலை பண்ணினான்னு நிரூபிக்க வேண்டாம். தக்கிக் கும்பலைச் சேர்ந்தவன்னு நிரூபிச்சாலே ஆயுள் தண்டனை. கும்பல்ல இருந்தா போதும்ங்கறது அங்கதான் தொடங்குது. 1871-ல் அது 'சாதியில பொறந்தா போதும்'னு வளர்ந்துடுச்சு.

அப்போ சட்டசபையில சொன்ன நியாயத்தைக் கேட்டா தலை சுத்தும். இந்தியாவுல தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி. அதனால குற்றத்தையே குலத்தொழிலா வச்சிருக்கற சாதிகளும் இருந்தாகணும்ல? இவ்வளவுதான் லாஜிக். சாதியை அவங்க எதிர்க்கல, ஒழிக்கல. அதை ஒரு ஃபார்முலாவா எடுத்து போலீஸ் கையில குடுத்துட்டாங்க.

ஐரோப்பாவுலயும் இதே காத்து அடிச்சுட்டு இருந்துச்சு. இத்தாலியில லொம்ப்ரோசோன்னு ஒரு டாக்டர் 1876-ல் புத்தகம் போட்டார். பிறவிக் குற்றவாளின்னு ஒரு ரகம் உண்டு, தாடை, நெத்தி, காதோட வடிவத்தை வச்சே கண்டுபிடிக்கலாம்னார். இங்க மெட்ராஸ் மியூசியத்தோட சூப்பிரண்ட் எட்கர் தர்ஸ்டன் கருவிகளைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்தார். அதுக்கும் முன்னாடி 1892-லயே முல்லலின்னு ஒரு போலீஸ் அதிகாரி, மெட்ராஸ் மாகாணத்துக் 'குற்ற வகுப்பினர்' பத்திக் கையேடே எழுதிட்டார். எந்தச் சாதி எப்படித் திருடும், என்ன ரகசிய பாஷை பேசும்னு.

சட்டம் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தது 1911-ல். வேடிக்கை என்னன்னா, 1913-ல் சார்லஸ் கோரிங்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், கிட்டத்தட்ட 3000 கைதிகளை அளந்து, சிப்பாய்கள், காலேஜ் பசங்களோடல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, 'பிறவிக் குற்றவாளி'க்குன்னு தனி முக அமைப்பு எதுவும் கிடையாதுன்னு சொல்லிட்டார். அங்க தியரி உடைஞ்சு போச்சு. இங்க அதே தியரியோட அண்ணன் தம்பி ஒண்ணு 1947 வரைக்கும் நம்ம ஊர்ல சட்டமா இருந்துச்சு!

சரி, இப்ப எங்க ஏரியாவுக்கு வர்றேன்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் எல்லாம் மேட்டு நிலம். கீழ கிருஷ்ணகிரிப் பக்கம் பாராமகால். 1792-ல் திப்புகிட்ட இருந்து பாராமகால் கம்பெனி கைக்குப் போச்சு. 1799-ல் திப்பு இறந்ததும் ஓசூர்ப் பக்கமும் போச்சு. அப்புறம் ரொம்ப காலம் நாங்க சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரி மாவட்டம், 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூணும் ஒரே டீக்கடையில கலந்து ஓடற ஊர்.

கடற்கரை உப்பு மேட்டுக்கு ஏறணும், மேட்டுல விளையற தானியம் கீழ இறங்கணும். ரோடு இல்லாத காலத்துல இதைச் செஞ்சது யாரு? கழுதையிலயும் மாட்டு முதுகுலயும் பொதி ஏத்திக்கிட்டுப் போன நாடோடி வியாபாரிகள். தமிழ்ல கொறவர், கன்னடத்துல கொறச்சர், தெலுங்குல எருகுலர். பேர்தான் மூணு. ஒரு பக்கம் உப்பு, இன்னொரு பக்கம் தானியம், வழியில மூங்கில் கூடை, முறம், மாடு விற்பனை.

இன்னொரு கூட்டம் லம்பாடிகள். 1791-92 மைசூர்ப் போர்ல காரன்வாலிஸ் சேனைக்கு அரிசியும் தீவனமும் எப்படிப் போச்சுன்னு நினைக்கறீங்க? லம்பாடிகளோட பொதிமாடுகள்தான். அவங்க இல்லைன்னா அந்தப் படை பட்டினிதான். பின்னாளில் பல மாகாணங்கள்ல அந்தச் சமூகத்தையே குற்றப்பரம்பரைப் பட்டியல்ல ஏத்தினாங்க. நல்ல நன்றிக்கடன்!

நடுவுல என்ன ஆச்சு? வியாபாரம் செத்துப் போச்சு. 1805-லயே மெட்ராஸ்ல உப்பு கம்பெனியோட ஏகபோகம். 1864-ல் ஜோலார்பேட்டை வழியா பெங்களூருக்கு ரயில் வந்துடுச்சு. மூட்டை மூட்டையா ரயில்ல ஏத்தற பெரிய வியாபாரி முன்னால கழுதை எப்படி நிக்கும்? வனச்சட்டம் வந்து மூங்கிலையும் மேய்ச்சலையும் மறிச்சுது. கடைசியா 1876-78 தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லாவும் மைசூரும் அதுல பயங்கரமா அடிபட்ட இடங்கள். மாடு செத்தா விவசாயிக்கு நிலமாவது மிஞ்சும். பொதிமாட்டுக்காரனுக்கு என்ன மிஞ்சும்?

பஞ்சத்துல மெட்ராஸ் மாகாணம் முழுக்கக் கொள்ளை கூடுச்சு. தானிய விலை ஏறும்போது கொள்ளை ஏறும், இறங்கும்போது இறங்கும். ரத்தத்துல இருந்த குணம்னா விலைவாசியோட சேர்ந்து ஏன் ஏறி இறங்குது? இந்தச் சின்னக் கேள்வியை யாரும் கேக்கல. உப்பு வித்தவன் ஏன் இப்போ சும்மா சுத்தறான்னு கேக்காம, 'சும்மா சுத்தறவன் திருடன்'னு எழுதிட்டாங்க.

கொறவர்கள்ல யாரும் திருடவே இல்லைன்னு நான் சொல்ல வரல. திருடினவங்க இருந்தாங்க. பறிகொடுத்தவனோட வலியும் நிஜம்தான். ஆனா அதுக்குத்தான் 1860-லயே சட்டம் இருக்கே! திருடினவனைப் பிடிச்சு, நிரூபிச்சு, உள்ள போட வேண்டியதுதான? திருடாதவனுக்கும் சேர்த்து எதுக்கு இன்னொரு சட்டம்?

1911 சட்டம் எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க. மாகாண அரசு ஒரு சமூகத்தை 'குற்றப்பரம்பரை'ன்னு கெசட்ல அறிவிக்கும். மாவட்ட மாஜிஸ்திரேட் பேர்களைப் பதிவு பண்ண உத்தரவிடுவார். கைரேகை எடுப்பாங்க. (தெக்குப் பக்கம் இதை 'ரேகைச் சட்டம்'னே சொல்வாங்க.) பதிவானவங்க குறிச்ச நேரத்துல போலீஸ்ல ஆஜராகணும். வீடு மாத்தினா சொல்லணும், வெளியூர் போனாலும் சொல்லணும். எல்லை குறிச்சுட்டா அதைத் தாண்ட பாஸ் வேணும். எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, தளியில இருந்து ஆனேக்கல் சந்தைக்கு ஒரு கூடை முறம் விக்கப் போறதுக்குக்கூட கையில சீட்டு வேணும். சீட்டு இல்லைன்னா குற்றம். நடந்ததே குற்றம்!

இன்னும் இருக்கு. சில குறிப்பிட்ட குற்றங்கள்ல ரெண்டாவது தடவை தண்டனைன்னா குறைஞ்சது 7 வருஷம், மூணாவது தடவைன்னா ஆயுள் முழுக்க நாடு கடத்தல். குடியேற்றங்கள்ல குடும்பத்தோட அடைக்கலாம். குழந்தைகளைப் பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு சீர்திருத்தப் பள்ளியில போடலாம்.

எல்லாத்துக்கும் மேல ஒரு பிரிவு. அரசு போட்ட அறிவிப்பு செல்லாதுன்னு எந்தக் கோர்ட்டுலயும் கேள்வி கேக்க முடியாது. பொட்டி தட்டறவங்க பாஷையில சொல்லணும்னா, டேபிள்ல இன்சர்ட் இருக்கு. டெலிட் கிடையாது. பிழை இருக்குன்னு புகார் குடுக்கற ஸ்கிரீனே டிசைன்ல இல்ல.

இந்தச் சட்டத்தை நல்ல மனசோட நடத்தினவங்களும் இருந்தாங்க, அதையும் சொல்லணும். பாபட்லா பக்கத்துல ஸ்டூவர்ட்புரம்னு ஒரு ஊர். மெட்ராஸ் அரசுல கவுன்சில் உறுப்பினரா இருந்த ஹரால்ட் ஸ்டூவர்ட் பேர்ல, எருகுலர்களுக்காக சால்வேஷன் ஆர்மி நடத்தின குடியேற்றம். பூத் டக்கர்ங்கற அவங்க தலைவர், குற்றத்தைக் குணப்படுத்தற வைத்தியம் மாதிரியே இதைப் பத்தி எழுதினார். நிலம் குடுத்தாங்க, பள்ளிக்கூடம் வச்சாங்க. சீராலாவுல இருந்த புகையிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு அனுப்பினாங்க. ஆனா ஓடிப் போக முடியாத தொழிலாளி ஒரு முதலாளிக்கு எவ்வளவு வசதி, யோசிங்க. சீர்திருத்தம் எங்க முடியுது, மலிவுக் கூலி எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட முடியாது. வைத்தியம்னு பேர் வச்சாலும் நோயாளி டிஸ்சார்ஜ் ஆக வழி இல்லைன்னா அது ஆஸ்பத்திரி இல்லீங்களே.

எதிர்ப்பும் வந்துச்சு. எல்லாரும் அறிஞ்சது பெருங்காமநல்லூர். உசிலம்பட்டிப் பக்கம், 1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம்னு பிரமலைக் கள்ளர் மக்கள் மறுத்தாங்க. போலீஸ் சுட்டதுல மாயக்காள்ங்கற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க. மதுரையில ஜார்ஜ் ஜோசப்ங்கற கேரளத்து பாரிஸ்டர் இந்த மக்களுக்காக வாதாடினார். ஊர் சனங்க 'ரோசாப்பூ துரை'ன்னு பாசமா கூப்பிட்டாங்க. முத்துராமலிங்கத் தேவர், பி. ராமமூர்த்தி, ஜானகி அம்மாள்னு பலர் சேர்ந்து எதிர்த்தாங்க. 1947-ல் மெட்ராஸ் மாகாணம் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. அனந்தசயனம் ஐயங்கார் குழு 1949-50-ல் நாடு முழுக்க விசாரிச்சு ரத்து செய்யச் சொன்னது. 1952 ஆகஸ்ட் 31-ல் இந்தியா முழுக்கவே ரத்து. அன்னிக்குத்தான் இந்தச் சமூகங்களுக்கு நிஜமான சுதந்திர தினம்னு சொல்வாங்க. மத்தவங்களை விட அஞ்சு வருஷம் லேட்டு!

சுபம் போட்டுடலாமா? அங்கதான் பிரச்சனை.

1948-லயே மெட்ராஸ்ல வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துடுச்சு. இது சாதியைப் பாக்காது. பலமுறை தண்டனை வாங்கின தனி ஆளைத்தான் பாக்கும். காகிதத்துல பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. நாப்பது வருஷமா போலீஸ் கண்ணு எந்தத் தெருவைப் பாத்துட்டு இருந்துச்சோ, அங்கதான் கைது அதிகம். கைது அதிகமான இடத்துல தண்டனை அதிகம். தண்டனை அதிகமானவன் 'வழக்கமான குற்றவாளி'. பழைய ரிஜிஸ்டரோட அட்டையைத்தான் மாத்தினாங்க, உள்ள இருந்த பக்கங்கள் அப்படியே புதுசுக்கு மாறிக்கிச்சு. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-லயே இந்த மாதிரிச் சட்டங்களை ரத்து செய்யச் சொன்னது. 2007-ல் ஐ.நா.வோட இனப்பாகுபாடு ஒழிப்புக் குழுவும் அதையேதான் சொன்னது.

பட்டியல் எப்படி ஒட்டிக்குதுன்னு இன்னொரு உதாரணம். தமிழ்நாட்டு அரசோட சீர்மரபினர் பட்டியல்ல 68 சமூகங்கள். படிக்காதவங்க ஒரு தடவை படிங்க. உப்புக் கொறவர், இஞ்சிக் கொறவர்னு வரும். என்ன வித்தாங்கங்கறது பேர்லயே இருக்கு, ஒரு வியாபாரிகள் சங்கப் பட்டியல் மாதிரி! அதே பட்டியல்ல 'தொங்க போயா', 'தொங்க ஊர் கொறச்சா'ன்னும் வரும். தமிழ்ல 'தொங்க'ன்னா தொங்கறது. ஆனா தளியில சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான், தெலுங்குல 'தொங்க'ன்னா திருடன். போலீஸ்காரன் வச்ச வசவு, சாதிச் சான்றிதழ்ல அதிகாரப்பூர்வமான பேரா உக்காந்திருக்கு. கல்விச் சலுகை வாங்க ஒரு பத்தாங்கிளாஸ் பொண்ணு 'திருட்டு போயா'ன்னு எழுதின காகிதத்தை நீட்டணும்!

எங்க ஊர்ல நின்னு பாத்தா இன்னொரு வினோதமும் தெரியும். கர்நாடகாவுல கொறச்சர் பட்டியல் சாதி. ஆந்திராவுல எருகுலர் பழங்குடி. தமிழ்நாட்டுல குறவன் பட்டியல் சாதி, ஆனா பல கொறவர் பிரிவுகள் சீர்மரபினர். உப்பு மூட்டையோட மூணு பாஷையில நடந்த ஒரு கூட்டம், மூணு எல்லையில மூணு பெட்டிக்குள்ள. அன்னிக்குப் பட்டியல்ல சேர்க்க மட்டும் ஒரே வேகம் இருந்துச்சு. ஈடு செய்யும்போது ஆயிரம் கேள்வி.

'இதெல்லாம் பழைய கதை பாஸ்'னு தோணுதா? ரெண்டு சம்பவம் சொல்றேன்.

1992 ஜூன் 20, வாச்சாத்தி. அரூர் பக்கம், தர்மபுரி மாவட்டம். அப்போ தளியும் அதே மாவட்டம்தான். சந்தன மரம் கடத்தறாங்கன்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு மலையாளி பழங்குடி கிராமத்துக்குள்ள புகுந்தாங்க. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. வீடுகள் நாசம், ஊரே ஜெயில்ல. யார் மரம் வெட்டினான்னு யாரும் விசாரிக்கல. 'கடத்தல்கார ஊர்' அப்படின்னு முடிவாயிடுச்சு. 1911 சட்டம் செத்து நாப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, ஆனா அதோட மூளை உயிரோட இருந்துச்சு. 19 வருஷம் கழிச்சு, 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 அதிகாரிகள்ல 54 பேர் அதுக்குள்ள செத்துட்டாங்க. மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை ஐகோர்ட் அதை உறுதி செஞ்சுது.

இந்தத் தீர்ப்புல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. கோர்ட் அந்த அதிகாரிகளை 'நீங்க இந்த டிபார்ட்மெண்ட், அதனால குற்றவாளி'ன்னு தீர்க்கல. ஒவ்வொருத்தர் மேலயும் தனித்தனியா குற்றச்சாட்டு, அடையாளம் காட்டல், சாட்சி, வாதாட வக்கீல். வாச்சாத்தி மக்களுக்கு யாரு மறுத்தாங்களோ, அவங்களுக்கே அந்த நியாயமான விசாரணை கிடைச்சுது. அப்படித்தான் இருக்கணும். அதுதான் சட்டம்.

ரெண்டாவது, 1993-ல் ராஜாக்கண்ணு. 2021-ல் வந்த ஜெய் பீம் படத்துக்கு மூலக்கதை. படத்துல இருளர்னு காட்டினாங்க; நிஜத்துல அவர் குறவர் சமூகம். விருத்தாசலம் பக்கம் ஒரு திருட்டு வழக்குல போலீஸ் தூக்கிட்டுப் போனது, ஸ்டேஷன்லயே சாவு. அவர் மனைவி பார்வதி விடாம நின்னாங்க, அப்போ வக்கீலா இருந்த சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டார். 2006-ல் ஐகோர்ட் போலீஸ்காரர்களைக் குற்றவாளிகள்னு தீர்த்துது. 13 வருஷம்! திருட்டு நடந்த உடனே முதல்ல யார் வீட்டுக் கதவைத் தட்டணும்ங்கறது 1911-லயே எழுதி வச்ச மாதிரி இருக்கு, இல்லையா?

ஜெயிலுக்குள்ளயும் இதே கதைதான். சிறைக் கையேடுகள்ல எந்தச் சாதிக்காரன் சமைக்கணும், எவன் கக்கூஸ் கழுவணும்ங்கற விதிகளே பல மாநிலங்கள்ல இருந்துச்சு. குற்றப்பரம்பரைன்னு முன்னாடி முத்திரை குத்தப்பட்டவங்களைத் தனியா நடத்தற விதிகளும் இருந்துச்சு. 2024 அக்டோபர் 3-ல் சுகன்யா சாந்தாங்கற பத்திரிகையாளர் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் செல்லாதுன்னு அடிச்சுது. ஜெயில் ரிஜிஸ்டர்ல இருக்கற சாதிக் காலத்தையே நீக்கச் சொல்லிடுச்சு. கவனிங்க, எழுபத்தேழு வருஷம் கழிச்சு முதல் தடவையா ஒரு டெலிட்!

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். அமெரிக்காவுல காம்பஸ்னு ஒரு சாஃப்ட்வேர். கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரான்னு மார்க் போடும். 2016-ல் புரோபப்ளிகா பத்திரிகை ஃபுளோரிடாவுல ஒரு கவுன்ட்டியோட டேட்டாவை எடுத்து அலசுச்சு. அப்புறம் எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பர்களை 'அபாயமானவர்'னு அது தப்பா முத்திரை குத்தினது, வெள்ளையர்களை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கம்பெனி மறுத்துது, சண்டை இன்னும் ஓயல. அந்த சாஃப்ட்வேர்ல இனம்ங்கற காலமே கிடையாதுங்கறதுதான் முக்கியம். தேவையும் இல்ல. பழைய கைது டேட்டாவுக்குள்ளயே எல்லாம் இருக்கு. 1948-ல் நம்மூர்ல நடந்தது மாதிரியே சாதியைத் தூக்கிட்டு, சாதியால உருவான எண்ணிக்கையை வச்சுக்கிட்டாங்க.

இங்கயும் ரிஜிஸ்டர் கம்ப்யூட்டருக்கு ஏறிடுச்சு. 2022-ல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டம், 1920-ம் வருஷத்துக் கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலா வந்தது. 1920, பெருங்காமநல்லூர்ல சுட்ட அதே வருஷம்! கைரேகையோட கண் கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி வரைக்கும் எடுக்கலாம். 75 வருஷம் வச்சுக்கலாம். முன்னாடி தண்டனை இல்லாதவர் விடுதலையாயிட்டா அழிச்சுடணும்னு விதியும் இருக்கு. 1911-ல் இல்லாத டெலிட் இதுல எழுத்துல இருக்கு, அதை மறுக்கல. ஆனா அந்த டெலிட்டை ஓட்டப் போறது யாரு? ஓட்டுச்சுன்னு யாரு செக் பண்ணுவாங்க? ரவுடிப் பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லி ஐகோர்ட் படி ஏறினவங்க எத்தனையோ பேர். வக்கீல் ஃபீஸ் குடுக்க முடிஞ்சவன் ஏறுவான். முடியாதவன் கே.டி.யாவே இருப்பான்.

குற்றம் செஞ்சவனைச் சும்மா விடணும்னு நான் சொல்லல. ரெக்கார்டே வேண்டாம்னும் சொல்லல, டேட்டாபேஸ் வச்சுத்தான் என் வயிறே நிறையுது :-) ஆனா ஒரு நீதி முறை நல்லதா கெட்டதான்னு பாக்க எனக்கு இப்போ ஒரே ஒரு டெஸ்ட்தான். பேரைச் சேர்க்க எவ்வளவு காரணம் கேக்குது, எடுக்க எவ்வளவு காரணம் கேக்குது? சேர்க்க ஒரு சந்தேகம் போதும், எடுக்க மூணு தலைமுறை வேணும்னா, அந்த முறை 'என்ன செஞ்சே'ன்னு கேக்கல. 'நீ யாரு'ன்னுதான் கேக்குது.

இந்த டெஸ்ட் போலீசுக்கு மட்டும் இல்ல. அபார்ட்மெண்ட்ல ஏதாவது காணாமப் போனா, யாரு எடுத்தாங்கன்னு தேடறதுக்கு முன்னாடியே வேலைக்காரம்மா பையைத்தான திறந்து பாக்கறோம்? ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ரிஜிஸ்டர் இருக்குங்க. கெசட்ல வராதது. அதுல யார் யார் பேர் இருக்கு, எப்போ ஏறுச்சு, எதுக்கு ஏறுச்சு? ஒரு தடவை எடுத்துப் பாருங்க.